மானிய டாக்டரும் காப்புக் கட்டிய ஊரும்

என்னை யாரும் 'எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம். முழங்கால் வலி, இடது கண்ணில் புரை, மூன்று நாளாக வெளிக்குப் போகாதது என்று ஒன்று விடாமல் சொல்லுவேன். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சொந்தக்காரர்களே அடுத்த பந்திக்கு நகர்ந்துவிடுகிறார்கள். நகரட்டும். 'ஒரு குறையும் இல்லை' என்று நான் கடைசியாக எப்போது சொன்னேன், யாரிடம் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வாயில் எடுத்ததில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் கம்பவுண்டர். எங்கள் ஊர் திருத்தணியிலிருந்து எட்டு மைல் உள்ளே, அம்மையார்குப்பம் போகிற வழியில். வீட்டுக்கு வீடு தறி. ஊர்க்கோடியில் ஜில்லா போர்டு டிஸ்பென்சரி. இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், தாழ்வாரத்தில் சீக்காளிகள் உட்கார ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். மருந்துக்கு வருகிறவர்கள் பாட்டிலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நான் மிக்சர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காகக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பாட்டில் மேல் ஒட்டித் தருவேன். காகிதம் வெட்டுவதில் என் கை சுத்தம் என்று டாக்டர் சொல்லுவார். மற்றதில் எல்லாம் திட்டுத்தான்.

படித்த டாக்டர்கள் கிராமத்தில் தங்குவதில்லை என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிற புலம்பல். அதற்கு அப்போதே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒரு டாக்டர் கிராமத்தில் வந்து உட்கார்ந்தால் சர்க்கார் மாதாமாதம் மானியம் கொடுக்கும். ஏழைகளுக்கு அவர் சும்மா பார்க்க வேண்டும், வசதியுள்ளவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் தனக்கு வசதியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டவன் ஒருவனும் இல்லை. கத்தரிக்காய் கொடுப்பார்கள், தறியிலிருந்து அறுத்த துண்டு ஒன்று கொடுப்பார்கள். ஆகவே எங்கள் டாக்டர் மானியத்தில்தான் குடும்பம் நடத்தினார். நேரில் 'டாக்டரையா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மானிய டாக்டரு'.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஏழை வீட்டுப் பிள்ளை. படித்ததும் சர்க்கார் கொடுத்த உதவிச் சம்பளத்தில்தான். அதற்கு ஈடாக ஐந்து வருஷம் கிராமத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்து வருஷம் முடிந்தபின், மானியம் தொடர்ந்தால், இருப்பதும் போவதும் அவர் இஷ்டம். படிக்கவைக்க வழி யோசித்தார்கள், அனுப்பிவைக்க வழி யோசித்தார்கள், வந்தவரைத் தக்கவைக்க மட்டும் யாரும் வழி யோசிக்கவில்லை. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இவ்வளவு தெளிவு கிடையாது.

என் மனைவி என் அத்தை மகள். எங்கள் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒன்றாகவே புழங்கும். சின்ன வயதிலிருந்தே அவள் என்னைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். முதல் பிரசவத்தில் பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்கவில்லை. டாக்டர் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கையாலேயே அழுத்திப் பிடித்து ஒரு மணி நேரம் குனிந்தபடி நின்றார். நான் வெந்நீர் எடுத்துத் தருகிறேன் என்று பாத்திரத்தை இரண்டு முறை கீழே போட்டேன். பிழைத்தாள். பெண் குழந்தை. வெளியே வந்து கை கழுவும்போது டாக்டர் என்னிடம், "அடுத்த பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்கணும். உங்க ஊர் மருத்துவச்சி கையில விட்டுடாதீங்க, கேட்டீங்களா?" என்றார். இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடியும் உண்டானாள். அந்த வருஷம்தான் டாக்டரின் ஐந்தாவது வருஷமும் முடிந்தது.

அதற்குள் ஆந்திரா தனியாகப் பிரிந்து நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம். சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த காகிதங்கள் புதுத் தலைநகர் கர்நூலுக்குப் போக ஆரம்பித்தன. திருத்தணி தமிழருக்கா தெலுங்கருக்கா என்று கடைத்தெருவில் கத்திக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இருந்த கவலை வேறு. மானியம் வாங்குகிற டிஸ்பென்சரிகளில் எது தேவை, எது தண்டம் என்று பார்க்கப்போகிறார்களாம், தேவையில்லாததை மூடிவிடுவார்களாம் என்று பேச்சு வந்தது. டாக்டரிடம் கேட்டேன். "பார்க்கட்டுமே, நமக்கு என்ன பயம்? தினம் அறுபது எழுபது பேர் வர்றாங்க," என்றார். அது உண்மைதான். பெஞ்சில் இடம் இல்லாமல் தரையில் உட்காருவார்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் எதற்கும் ஒரே முறையீட்டு ஆபீஸ்தான், அது திருத்தணி மலைமேல் இருக்கிறது. ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது. டாக்டர் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் தெருவோடு காவடி எடுக்கிறோம் என்று நெசவுத்தெருப் பெண்கள் வேண்டிக்கொண்டார்கள். முதலில் வாயைத் திறந்தவள் என் மனைவிதான். வயிற்றில் ஐந்து மாதம். அவளுக்கு டாக்டர் இருந்தாக வேண்டும், அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. "எனக்கு இல்லன்னா யாருக்கு வேணும் சொல்லு?" என்று தெருவில் நின்றே சொன்னாள். கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னால் தெரு முழுக்க மஞ்சள் துணி காப்புக் கட்டிக்கொண்டது.

காப்புக் கட்டினால் விரதம். ஒரு வேளைச் சாப்பாடு, படுக்கப் பாய் கிடையாது, தீட்டு வீட்டுக்குப் போகக்கூடாது. இதோடு எங்கள் ஊரில் இன்னொன்றும் சேர்ந்திருந்தது. இங்கிலீஷ் மருந்தில் சாராயம் கலக்கிறார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஸ்பிரிட் வாடை அடிக்கிறதே, அது போதாதா? டிஸ்பென்சரியில் ரத்தம், சீழ், பிரசவம் எல்லாம் உண்டு. ஆகவே காப்பு அவிழ்க்கிறவரை மருந்து குடிக்கமாட்டார்கள், அந்த வாசற்படியையும் மிதிக்கமாட்டார்கள். வீட்டில் மருந்து இருப்பதே தோஷம் என்று பாதி குடித்த பாட்டில்களைக் கொண்டுவந்து, தாழ்வாரத்துக்கு வெளியே நின்று கையை நீட்டி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்கள். முப்பது பாட்டிலுக்கு மேல் வரிசையாக நின்றன. என் கையால் வெட்டி ஒட்டிய காகிதப் பற்கள் எல்லாவற்றிலும் தெரிந்தன.

வருஷா வருஷம் நாலைந்து பேர் காப்புக் கட்டுவார்கள், பெஞ்சு கொஞ்சம் காலியாகும், அவ்வளவுதான். இந்தத் தடவை ஊரே கட்டிவிட்டது. டாக்டரை நிறுத்திவைக்க வேண்டும் என்பதற்காகவே டாக்டரிடம் போகாமல் இருந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். நாங்கள் முருகனைப் பிடிக்கப் போனோம்.

காப்புக் கட்டிய நாலாம் நாள் தபால் வந்தது. ஏழாம் நாள் அதிகாரி தணிக்கைக்கு வருகிறார். "ஐயா, நான் போய் சொல்லிட்டு வர்றேன். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் வந்து பெஞ்சுல உக்காந்துகினு இருந்தா போதும். மருந்து குடிக்கவேணாம்," என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீக்கு இருக்கிறவன் வந்தா பார்ப்பேன். சீக்காளி மாதிரி உட்காரவைக்கிறது நாடகம். நான் டாக்டரா, நாடகக் கம்பெனியா? யார்கிட்டயும் சொல்லாதீங்க," என்றார்.

நல்ல மனிதர். அந்த நல்லதனத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அவருடைய பெண்ணுக்கு எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. அவர் மனைவி சாயங்காலத்தில் வாசலில் நின்று பஸ் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். டாக்டரின் மனசிலும் ஒரு ஓரத்தில், மூடினால் மூடட்டும் என்று இருந்ததோ என்னவோ. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அன்றைக்கு மத்தியானம் வீட்டில் மட்டும் சொன்னேன். அவள் கையிலிருந்த காப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி வேலைல உள்ள பூந்து நாம இன்னாத்துக்கு குட்டை கொழப்பணும்? மலையான் பாத்துக்குவான் பாவா," என்றாள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. தெருவில் போய் ஒவ்வொரு வீடாகக் கெஞ்ச வேண்டியதில்லை, டாக்டரிடம் திட்டு வாங்க வேண்டியதில்லை. சும்மா இருந்துவிட்டேன். இந்தக் கதையில் யாருக்காவது தண்டனை உண்டென்றால் அந்த மத்தியானத்துக்குத்தான் முதலில் உண்டு.

அதிகாரி ஜீப்பில் வந்தார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். அதட்டல் இல்லை, லஞ்சம் வாங்குகிற கை இல்லை. மோர் கொடுத்தோம், நின்றபடி குடித்தார். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை டாக்டருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெஞ்சில் ஒரு ஆடு ஏறிப் படுத்தது. நான் விரட்டினேன், மறுபடியும் ஏறியது. பதினோரு மணிக்கு ஒரு ஆள் வந்தான். அப்பாடா என்று நினைத்தேன். அவன் மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, வரிசையின் கடைசியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

அதிகாரி எழுந்துபோய்ப் பாட்டில்களைப் பார்த்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "மந்து... மருந்து எவரும் குடிக்கிறதில்லையா?" என்று கேட்டார். டாக்டர் விரதத்தைப் பற்றிச் சொன்னார். அதிகாரி தலையாட்டினார். எல்லா ஊரிலும் எல்லா டாக்டரும் ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள், பாவம், அவரும் என்ன செய்வார்? "நான் ஜனங்களை நேரா கேக்கிறேன்," என்று தெருவுக்குள் நடந்தார். நான் பின்னால் போனேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். காப்புக் கட்டிய கையோடு 'எனக்கு அந்த நோவு, இந்த நோவு' என்று சொன்னால் சாமியைக் குறை சொன்னதாகும். அதிலும் ஒரு அதிகாரி, வெளியூர்க்காரர், வாசலில் வந்து கேட்கிறார். அவர் கேட்ட வீட்டில் எல்லாம் ஒரே பதில்தான். காசநோய்க்கு ஆறு மாதமாக ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருத்தர் தறிக்குழியிலிருந்து எழுந்து நின்று, இருமலை அடக்கிக் கண்ணில் நீர் வர, "மலையான் புண்ணியத்துல நல்லா கீறோம் சாமி," என்றார்.

கடைசியில் எங்கள் வீட்டு வாசல். என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அதிகாரி அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் நின்றார். நல்ல மனசோடு கேட்டார்.

"ஏம்மா, உனக்கு ஒடம்பு எப்படி இருக்குது? டாக்டருகிட்ட போறதுண்டா?"

நான் அதிகாரியின் முதுகுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன், கையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள்.

"ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா கீறேன்," என்றாள்.

அதிகாரி சிரித்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, தெருவில் வந்து நின்ற ஜீப்பில் ஏறி, மடியில் நோட்டை வைத்து வெகுநேரம் எழுதிவிட்டுப் புறப்பட்டார்.

கிருத்திகையன்று எல்லோரும் திருத்தணிக்குப் போனோம். சரவணப் பொய்கையில் முழுகி, ஈரத்துணியோடு படியேறினோம். எங்கள் தெருவின் காவடிகள் மட்டும் இருபதுக்கு மேல் இருக்கும். முன்னால் பம்பை, பின்னால் அரோகரா. என் மனைவி நுனிமுடியை மட்டும் வெட்டிப் பூமுடி கொடுத்தாள். வயிறு இருந்ததால் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. "வந்தவரு எவ்ளோ நேரம் எழுதினாரு பாத்தியா பாவா? நல்லதாத்தான் எழுதியிருப்பாரு," என்றாள். எனக்கும் அந்தக் கூட்டத்தில், அந்தச் சத்தத்தில் அப்படித்தான் தோன்றியது. அவள் சந்தோஷமாக இருந்து நான் கடைசியாகப் பார்த்த நாள் அது.

மறுநாள் டிஸ்பென்சரியில் நிற்க இடமில்லை. பத்து நாளாக அடக்கிவைத்த காய்ச்சலும் பேதியும் ஒன்றாக வந்தன. அவரவர் பாட்டிலை அவரவர் தேடி எடுத்துக்கொண்டார்கள். அதைப் பார்க்க அதிகாரி இல்லை.

ஆவணி கடைசியில் உத்தரவு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. இந்த ஊருக்கு மானியம் இத்துடன் நிறுத்தப்படுகிறது, டாக்டர் இஷ்டப்பட்டால் வேறு ஜில்லாவில் காலியாக உள்ள இடத்துக்கு மனுப் போடலாம். கூடவே அதிகாரியின் அறிக்கை நகல், இங்கிலீஷில் டைப் அடித்து. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மருந்துப் பெயர்கள்தான். டாக்டரே படித்துச் சொன்னார். தணிக்கையின்போது நோயாளி ஒருவரும் இல்லை. கொடுத்த மருந்தைத் திருப்பித் தருகிறார்கள். ஒரு கர்ப்பிணி உட்பட விசாரித்த எல்லோரும் தங்கள் உடல்நலம் திருப்தி என்றே கூறினர்.

டாக்டர் அந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடித்து மேஜைக்குள் வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என் கோபம் அங்கேயே தீர்ந்திருக்கும்.

தீராமல் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "போச்சு. டாக்டரு போறாரு. உன் பேச்சைத்தான் எழுதி வெச்சிகீறான். ஊரே சொல்லட்டும், உனக்கு எங்க போச்சு புத்தி? தவளை தன் வாயால கெட்ட கதைதான். இனிமே அந்தப் பொல்லாத வாயத் தொறக்காத," என்றேன். தபால் வந்த நாளே தெருவில் போய்ச் சொல்லாத நான் இதைச் சொன்னேன். ராட்டை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அவள் பேச்சு குறைந்துபோயிற்று. கேட்டால் பதில் வரும், அவளாக எதையும் சொல்லமாட்டாள். கோபம் தணியட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

புரட்டாசியில் டாக்டர் புறப்பட்டார். தெருவே பஸ்ஸுக்கு வந்து அழுதது. அழத் தெரிந்தது எங்களுக்கு. ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எட்டு மாசம் முடிஞ்சதும் அவங்களைத் திருத்தணியிலோ அரக்கோணத்திலோ ஆஸ்பத்திரி பக்கமா கொண்டுபோய் வெச்சுடுங்க. துளி ரத்தம் பட்டாலும் காத்திருக்காதீங்க. உடனே," என்றார். சரி என்றேன். திருத்தணியில் மலையடிவாரத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இடமும் கேட்டுவைத்தேன். கார்த்திகை பிறந்ததும் போவதாக ஏற்பாடு.

கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள். மழை பிடித்திருந்ததால் இன்னும் புறப்படவில்லை. விடிந்ததும் பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. சேலையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேந்து?"

"முந்தாநாள் மத்தியானத்துலேந்து. மொதல்ல கொஞ்சமாத்தான் பட்டுது."

"அடிப்பாவி, ஏன் சொல்லல?"

அவள் குரலில் கோபமே இல்லை. "என் வாயி பொல்லாத வாயின்னு நீதான சொன்னே. சொன்னா எதனா ஆயிடுமோன்னு இருந்துட்டேன் பாவா," என்றாள்.

பஸ் வரவில்லை. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். வழியில் கே.ஜி.கண்டிகைக்கு வரும்போது, தண்ணீர் வேண்டும் என்றாள். டீக்கடைக்காரர் செம்போடு மழையில் ஓடிவந்தார். அவர் வருவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றிலிருந்ததும் அவளோடு போயிற்று. நான் கம்பவுண்டர். எந்தச் சீசாவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்த வண்டியில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை.

மார்கழியில் டாக்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. புது ஊரில் கூட்டம் அதிகம் என்றும், பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், 'உங்கள் வீட்டில் பிரசவம் ஆயிற்றா? தாயும் சேயும் எப்படி இருக்கிறார்கள்? உள்ளபடி எழுதவும்' என்று கேட்டிருந்தார்.

பதில் கார்டு வாங்கிவந்து இரண்டு நாள் வைத்திருந்தேன். என்னவென்று எழுதுவது? எழுதினால் அவர் உடைந்துபோவார், அல்லது 'நான்தான் சொன்னேனே' என்பார். இரண்டையும் தாங்க எனக்குத் தெம்பில்லை. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சுற்றிவைத்த நூல்கண்டைப் பிரித்துக்கொண்டிருந்தது. பேனாவை மையில் தொட்டு எழுதினேன்.

'தங்கள் புண்ணியத்தில் இங்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம்.'

எழுதிக் காயவைத்து, நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.